கடற்கொள்ளையர் அணியும் எங்கள் ஊடலும்

2025ஆம் ஆண்டு அமெரிக்க பேஸ்பாலின் நேஷனல் லீகில் தலைசிறந்த பந்து வீச்சாளர் என, முதலிட வாக்கு ஒன்றுகூடப் பிறர்க்குப் போகாமல், தேர்ந்தெடுக்கப்பட்டவர் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பால் ஸ்கீன்ஸ். அவ்வாண்டு அவர் பெயரில் எழுதப்பட்ட வெற்றிகள் பத்து. தோல்விகளும் பத்து.

பேஸ்பால் பழகாத வாசகர்க்குச் சிறு விளக்கம் தேவைப்படும். (அடிபந்தாட்டம் என்று எழுதுவாரும் உளர்; ஆட்டக்காரர் சொல்லும் பெயரே எமக்கு வசதி.) களத்தடுப்புப் பிழைகளால் வந்தவற்றைக் கழித்துவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ஓட்டங்களை விட்டுக்கொடுத்தார் என்பதே ஒரு பந்து வீச்சாளரின் தகுதியை அளக்கும் கோல். மூன்றுக்குக் கீழே நின்றால் சிறப்பு. ஸ்கீன்ஸ் விட்டுக்கொடுத்தது 1.97. ஓர் ஆட்டத்துக்கு இரண்டு ஓட்டம்கூடக் கொடாத ஒருவர் தம் பெயரில் முடிவெழுதப்பட்ட இருபது ஆட்டங்களில் பத்தை இழந்தார் என்றால், அவருடைய அணியினர் மட்டை பிடித்து நின்றதோடு சரி என்பதன்றி வேறு பொருள் இல்லை. அவ்வாண்டு முப்பது அணிகளுள் மிகக் குறைந்த ஓட்டங்களை எடுத்த அணி பைரேட்ஸ்தான். 162 ஆட்டங்களில் 71 வெற்றி, 91 தோல்வி.

தோற்றதற்காக நாங்கள் சினம் கொள்ளவில்லை. தோல்வியில் எங்களுக்குப் பயிற்சி உண்டு. ஓர் அணியின் அடியார்கள் எதையும் பொறுத்துக்கொள்வர் என்பது அவ்வணியை நடத்துவோர்க்குத் தெரிந்துவிட்டால், அப்பொறுமையே அவ்வணியின் முதலீடாகிவிடுகிறது. எங்கள் மனக்குறை அதைப் பற்றியது.

பிட்ஸ்பர்க் என்றதும் தமிழர் பலர்க்கு நினைவில் எழுவது 1970களில் அந்நகரின் புறத்தே பென் ஹில்ஸ் குன்றில் எழுந்த வெங்கடேசுவரர் கோயில். இரண்டு ஆறுகள் கூடி ஓஹையோ என்னும் மூன்றாம் ஆறாகும் கூடல் நகர் அது. எஃகு உருக்கி வாழ்ந்த ஊர். ஆலைகள் மூடப்பட்டு மக்கள் வேலை தேடி வெளியேறியதில், 1950இல் ஆறே முக்கால் லட்சமாக இருந்த நகர மக்கள்தொகை 2020இல் மூன்று லட்சமாகச் சுருங்கியது. இவ்வூரின் பேஸ்பால் அணி 1887இலேயே நேஷனல் லீகில் சேர்ந்துவிட்டது. சில ஆண்டுகள் கழித்து வேறோர் அணி தனக்கே உரியவர் என்று கருதிய ஆட்டக்காரர் ஒருவரைத் தன்பால் சேர்த்துக்கொண்டதற்காக இவ்வணியைக் கடற்கொள்ளையர் என்று பழித்தார்கள். பழித்த பெயரையே பிட்ஸ்பர்க்கார்கள் விரும்பிச் சூடிக்கொண்டார்கள். பிறருடைய ஆட்டக்காரரைக் கவர்ந்ததால் பெயர் பெற்ற அணி, பிற்காலத்தில் தன் ஆட்டக்காரர் அனைவரையும் பிறர்க்கு வாரிக் கொடுத்ததில் ஒரு நகைமுரண் உண்டு. அதற்கு வருவோம்.

உலகத் தொடரை இவ்வணி ஐந்து முறை வென்றிருக்கிறது: 1909, 1925, 1960, 1971, 1979. இவற்றுள் 1960ஆம் ஆண்டுக் கதையை அந்நகரில் கேளாதிருக்க முடியாது. நியூயார்க் யாங்கீஸ் அணி அத்தொடரின் ஏழு ஆட்டங்களில் மொத்தம் 55 ஓட்டங்கள் எடுத்தது. பைரேட்ஸ் எடுத்தது 27. ஆயினும் கோப்பை பிட்ஸ்பர்க்கிற்கு. ஏழாம் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் பில் மாஸராஸ்கி அடித்த ஹோம் ரன் 10க்கு 9 என்று ஆட்டத்தை முடித்தது. அந்த அரங்கம் இடிக்கப்பட்டுவிட்டது. எஞ்சிய மதிற்சுவரின் அடியில் ஆண்டுதோறும் அக்டோபர் 13ஆம் நாள் மக்கள் கூடி, அன்றைய வானொலி வருணனையின் ஒலிப்பதிவை முதலிலிருந்து கடைசிவரை கேட்கிறார்கள். முடிவு தெரிந்த ஆட்டம்தான். ஆயினும் அந்த ஹோம் ரன் வரும் இடத்தில் ஆர்ப்பரிக்கிறார்கள். நம்மூர்க் குருபூசைகளைப் பார்த்தவர்க்கு இது விளங்கும்.

ரொபெர்ட்டோ கிளெமென்டேயைப் பற்றித் தனியே எழுத வேண்டும். புவெர்ட்டோ ரீக்கோவில் பிறந்து பதினெட்டுப் பருவங்களும் இவ்வணிக்கே ஆடியவர். சரியாக 3000 வெற்றி அடிகளோடு 1972ஆம் ஆண்டுப் பருவத்தை முடித்தார். அவ்வாண்டின் கடைசி நாள், நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள்களை ஏற்றிக்கொண்டு தாமே உடன் சென்ற விமானம் கடலில் வீழ்ந்து மறைந்தார். அவருடைய ஆட்ட எண் 21. அந்த எண்ணை வாசகர் நினைவில் கொள்க, மீண்டும் வரும்.

2003ஆம் ஆண்டு முதல் ஐந்தாண்டுகள் அந்நகரில் குடியிருக்க நேர்ந்தவர்கள் நாங்கள். கிரிக்கெட் அறிந்த கண்ணுக்குப் பேஸ்பால் முதலில் குழந்தை விளையாட்டாகத் தோன்றும். இரண்டாம் கோடையில் அவ்வெண்ணம் மாறிற்று. ஊர் திரும்பிய பின்னும் ஆட்டத்தை விடவில்லை. அங்கே மாலை 6:40க்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே விடியற்காலை 4:10. பால்காரர் மணியடிக்கும் வேளையில் ஐந்தாம் இன்னிங்ஸ் நடக்கும். பெரும்பாலும் அதற்குள் தோல்வி உறுதியாகியிருக்கும். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கணினியை அணைத்துவிடலாம். இவ்வணியின்மேல் அன்பு வைப்பதில் உள்ள ஒரே வசதி அது.

ஐந்தாண்டுகளில் ஓர் ஆண்டுகூட அவ்வணி வெற்றிகள் மிகுந்து முடித்ததை நாங்கள் கண்டதில்லை. எங்களுக்கு முன்னும் பத்தாண்டுகளாக அதே கதை. 1993 முதல் 2012 வரை தொடர்ந்து இருபது ஆண்டுகள், வென்றவற்றைவிடத் தோற்றவை மிகுதியாகவே ஒவ்வொரு பருவத்தையும் பைரேட்ஸ் முடித்தது. வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுகள் எதிலும் வேறெந்த அணிக்கும் இப்படியொரு தொடர் வாய்த்ததில்லை. அந்த இருபதாண்டுகளில் அதே நகரின் கால்பந்து அணியான ஸ்டீலர்ஸ் இரண்டு முறை சூப்பர் பௌல் வென்றது. பனிச்சறுக்கு ஹாக்கி அணியான பெங்குவின்ஸ் 2009இல் ஸ்டான்லி கோப்பை வென்றது. மூன்று அணிகளும் அணிவது ஒரே கறுப்பும் பொன்னிறமும். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் பிறந்து இருவர் பேர் வாங்கினால் மூன்றாமவனைப் பற்றிச் சுற்றத்தார் எப்படிப் பேசுவர் என்பதை யாம் விளக்க வேண்டியதில்லை.

அத்தொடர் தொடங்குவதற்கு முந்தைய இரவைப் பிட்ஸ்பர்க்கார் இன்றும் மறக்கவில்லை. 1990, 91, 92 என மூன்றாண்டுகள் தொடர்ந்து தம் பிரிவில் முதலிடம். மூன்று முறையும் உலகத் தொடருக்கு ஒரு படி முன்னே தோல்வி. 1992 அக்டோபர் 14, அட்லாண்டாவில் ஏழாவது ஆட்டம். கடைசி இன்னிங்ஸ் தொடங்கும்போது 2க்கு 0 என்று பைரேட்ஸ் முன்னிலை. அட்லாண்டா ஓர் ஓட்டம் எடுத்தது. ஆனால் இரண்டு பேர் ஆட்டமிழந்துவிட்டார்கள். இன்னும் ஒருவர் போதும். அப்போது களமிறங்கிய பிரான்சிஸ்கோ கப்ரேரா என்னும் பெயர் அதிகம் தெரியாத மாற்று ஆட்டக்காரர் இடப்பக்கம் அடித்த அடியில் ஆட்டம் சமனாயிற்று. பின்னாலேயே இரண்டாம் தளத்திலிருந்து ஓடி வந்தவர் சிட் பிரீம். முழங்கால் அறுவைகளால் நடை தளர்ந்தவர். அணியிலேயே மெதுவாக ஓடுபவர். இரண்டாண்டுகளுக்கு முன்வரை பிட்ஸ்பர்க்கிற்கு ஆடியவர். பாரி பாண்ட்ஸ் எறிந்த பந்து வந்து சேர்வதற்கும் அவர் காலை நீட்டிச் சறுக்கித் தளத்தைத் தொடுவதற்கும் இடையே இருந்தது ஒரு கைப்பிடி நேரம். 3க்கு 2.

அந்தக் குளிர்காலத்திலேயே பாண்ட்ஸ் ஆறாண்டுகளுக்கு 4 கோடியே 37 லட்சம் டாலர் என்னும் ஒப்பந்தத்தில் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார். அதன்பின் போனவர்களைப் பட்டியலிட்டால் கையறுநிலைப் பாடல்களின் தொகுதியொன்று தேறும். 2003 ஜூலையில் சம்பளச் சுமையைக் குறைக்க இருபத்தைந்து வயது அராமிஸ் ராமிரெஸைச் சிகாகோ கப்ஸிடம் ஒப்படைத்தார்கள். மாற்றாக வந்தவர்களில் எவரும் நிலைக்கவில்லை. ராமிரெஸோ தம் ஆட்டவாழ்வில் 386 ஹோம் ரன்கள் அடித்து ஓய்ந்தார். 2008 ஜூலையில் ஜேசன் பே பாஸ்டனுக்கு. 2006இல் லீகின் மட்டையடிச் சராசரிப் பட்டம் வென்ற பிரெட்டி சான்செஸ் 2009இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு. மறு ஆண்டே அங்கே உலகத் தொடர் வென்றார். ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான்: எதிர்காலத்தைக் கட்டுகிறோம். அந்த எதிர்காலத்தின் பெயர் ஒவ்வொரு நான்காண்டுக்கும் மாறும்.

2008 நவம்பரில் ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்னும் உத்தரப் பிரதேச இளைஞர் இருவரை இவ்வணி ஒப்பந்தம் செய்தது. ஈட்டி எறிந்து பழகியவர்கள். தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் வேகமாகப் பந்தெறிந்து தேர்வானவர்கள். இருவரும் உயர்நிலை லீகை எட்டவில்லை. அவர்கள் கதை 2014இல் ஹாலிவுட் படமாயிற்று. அதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை; புதியதொன்றை முயன்று பார்த்த அரிய தருணங்களுள் அதுவும் ஒன்று.

இங்கே எம் வாதத்தின் மையத்துக்கு வருகிறோம். பைரேட்ஸ் தோற்பதற்கு அதன் ஊர் சிறியது என்பதே காரணம் என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. இந்தியாவின் ஐ.பி.எல். ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் செலவு வரம்பு உண்டு. அமெரிக்க பேஸ்பாலில் அத்தகைய கறாரான உச்சவரம்பு கிடையாது. மிகுந்து செலவிடும் அணிகள் வரி கட்டுகின்றன, அவ்வளவே. 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் ஷோஹெய் ஓட்டானிக்குப் பத்தாண்டுகளுக்கு 70 கோடி டாலர் தர ஒப்பியது. 2024, 2025 இரண்டாண்டும் உலகத் தொடரை வென்றது. பைரேட்ஸ் தன் வரலாற்றில் முதன்முறையாகப் பத்துக் கோடி டாலரைத் தாண்டிய ஒப்பந்தம் போட்டது 2023 ஏப்ரலில், பிரையன் ரேனால்ட்ஸுக்கு: எட்டாண்டுகளுக்கு 10 கோடியே 67 லட்சம். இத்தகைய களத்தில் சமபோட்டி எதிர்பார்ப்பது பேதைமை என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

அப்படியானால் மில்வாக்கியை என்ன சொல்வது? பிட்ஸ்பர்க்கைவிடச் சிறிய சந்தை அது. அதே பிரிவில் ஆடும் அணி. 2025இல் 97 ஆட்டங்களை வென்று முப்பது அணிகளிலும் முதலாவதாகப் பருவத்தை முடித்தது. டம்பா பே அணி 2008இலும் 2020இலும் உலகத் தொடர் வரை சென்றது. கன்சாஸ் சிட்டி 2015இல் கோப்பையையே வென்றது. வறிய ஊர்கள் வெல்லவே முடியாது என்ற நியதி எங்கும் எழுதப்படவில்லை. நல்ல கண்கொண்டு இளைஞரைத் தேர்ந்து, பொறுமையாக வளர்த்து, கனியும் வேளையில் குறையை நிரப்ப இரண்டு பேரை விலை கொடுத்து வாங்கும் துணிவு வேண்டும். பைரேட்ஸிடம் இல்லாதது இக்கடைசித் துணிவு.

அத்துணிவு இல்லாமைக்குக் காரணம் வறுமைதானா? 2010 ஆகஸ்டில் இவ்வணியின் கணக்கறிக்கைகள் கசிந்து வெளியாயின. 2007, 2008 ஆகிய இரண்டாண்டுகளில், ஆட்டத்தில் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த அணி சேர்த்து ஈட்டிய இலாபம் ஏறக்குறைய 2 கோடியே 90 லட்சம் டாலர். செல்வ அணிகளின் வருவாயில் ஒரு பங்கைத் திரட்டி எளிய அணிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு ஒன்று லீகில் உள்ளது. போட்டி சமனாக வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு. அப்பணம் களத்தில் செலவிடப்படுகிறதா என்ற ஐயம் எங்களைப் போன்றோர்க்கு மட்டும் எழுந்ததன்று. 2018 பிப்ரவரியில் ஆட்டக்காரர் சங்கமே பைரேட்ஸ் உள்ளிட்ட நான்கு அணிகளின்மீது முறையீடு செய்தது. இலாபம் ஈட்டுவது குற்றமன்று. கடன் அடைக்கவும் அரங்கைப் பேணவும் பணம் வேண்டும் என்ற நிர்வாகத்தின் விடையையும் கேட்டிருக்கிறோம். ஆனால் கடைசி இடத்தில் முடித்தாலும் கணக்கு நிறைவாக முடியுமென்றால், முதலிடத்துக்கு முயல்வதற்கு மானம் ஒன்றைத் தவிர வேறு என்ன தூண்டுதல் மிஞ்சும்? இங்கிலாந்துக் கால்பந்தில் கடைசி மூன்று அணிகள் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும். இங்கே அந்த அச்சமும் இல்லை. மாறாக, கடைசியில் நிற்பவர்க்குப் புதுமுகத் தேர்வில் முன்னிடம் கிடைக்க வாய்ப்பு மிகுதி. ஸ்கீன்ஸே அவ்வழியில் 2023இல் வந்தவர்தாம்.

ஸ்டீலர்ஸ் அணியை மறுபடி நினைக்க வேண்டும். அதே ஊர், அதே மக்கள், அதே மூன்று ஆறுகள். அமெரிக்கக் கால்பந்தில் தொலைக்காட்சிப் பணம் அணிகளுக்குச் சமமாகப் பகிரப்படுகிறது. செலவுக்கு மேல்வரம்பும் உண்டு, இதற்குக் குறையக்கூடாது என்ற கீழ்வரம்பும் உண்டு. அங்கே பிட்ஸ்பர்க் சிற்றூராக இருப்பது ஒரு குறையாகவே தெரியவில்லை. ஆகவே பழியை ஊரின் தலையில் போடுவதை நிறுத்தலாம்.

இவ்வளவும் சொன்னபின், 2013ஐச் சொல்லாமல் விட்டால் நடுவுநிலை தவறியவர்கள் ஆவோம். அதற்கு முந்தைய இரண்டாண்டுகளும் கொடியவை. 2011 ஜூலை 26 இரவு அட்லாண்டாவில் பத்தொன்பது இன்னிங்ஸ் ஆடி, இல்லம் சேரும்முன் தெளிவாகத் தொடப்பட்ட ஓட்டக்காரரை நடுவர் ஜெர்ரி மீல்ஸ் ஆட்டமிழக்கவில்லை என அறிவிக்க, 4க்கு 3 என்று தோற்றார்கள். அதுவரை பிரிவின் முதலிடத்துக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த அணி 72 வெற்றியோடு பருவத்தை முடித்தது. 2012இல் ஆகஸ்டு தொடக்கம்வரை உச்சத்தில் நின்று, பின் சரிந்து, 79க்கு 83. இருபதாவது ஆண்டு.

பின்னர் வந்தது 2013. 94 வெற்றி. அக்டோபர் முதல் நாள் இரவு, இருபத்தோராண்டுகளுக்குப் பிறகு பிட்ஸ்பர்க்கில் நடந்த முதல் பருவ இறுதிச்சுற்று ஆட்டம். நமக்கு அது அக்டோபர் 2 விடியற்காலை. காந்தி பிறந்தநாள் விடுமுறையை எங்களுக்காகவே விட்டதுபோல் இருந்தது. கறுப்பாடை அணிந்து நாற்பதாயிரம் பேர் அரங்கை நிறைத்திருந்தார்கள். சின்சினாட்டியின் பந்து வீச்சாளர் ஜானி குவேட்டோவின் பெயரை இழுத்து இழுத்து, குவே… ட்டோ என்று முழு அரங்கமும் ஒரே குரலில் ஏளனமாகப் பாடியது. மேட்டில் நின்றிருந்த அவர் கையிலிருந்து பந்து நழுவித் தரையில் விழுந்தது. அடுத்த பந்தை ரஸ்ஸல் மார்ட்டின் இடப்பக்க மதிலுக்கு அப்பால் அடித்தார். கூட்டத்தின் ஓசை ஒரு பந்தைக் கைநழுவச் செய்ததை அன்றுதான் பார்த்தோம். இருபது ஆண்டுகள் பொறுத்திருந்தவர்களின் குரல் அது. விலை கொடுத்து அதை எவரும் வாங்கியிருக்க முடியாது.

அக்குரலுக்கு நிர்வாகம் தந்த மறுமொழியைப் பார்ப்போம். 2014இல் ஒற்றை ஆட்டத் தகுதிச்சுற்றில் 8க்கு 0 என்று தோல்வி. 2015இல் 98 வெற்றி. மீண்டும் ஒற்றை ஆட்டம், 4க்கு 0 என்று தோல்வி. 98 ஆட்டங்களை வென்ற அணிக்கு இன்னும் ஓரிருவரைச் சேர்த்தால் போதும் என்று எவரும் சொல்வர். சேர்க்கவில்லை. 2018 ஜனவரியில் ஒரே வாரத்தில் கெரிட் கோல் ஹியூஸ்டனுக்கும், 2013ஆம் ஆண்டின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற ஆண்ட்ரூ மக்கட்சன் சான் பிரான்சிஸ்கோவுக்கும் கொடுக்கப்பட்டார்கள். 2021இல் 101 தோல்வி. 2022இல் 100 தோல்வி. இந்த நூறுகளுக்கு யாரும் மட்டையை உயர்த்திக் காட்டுவதில்லை.

இப்படியெல்லாம் நடந்தும் விலகாதது ஏன் என்று கேட்பார்கள். வேறோர் அணியைப் பிடித்துக்கொள்ளலாமே என்று அறிவுரையும் தருவார்கள். மருதத்திணையை வகுப்பில் நடத்துபவர்க்கு இதற்கு விடை சொல்வது கடினமன்று. புறத்தே போய்த் திரும்பும் தலைவனுக்குத் தலைவி கதவடைப்பாள். வாயில் மறுத்தல் என்று அதற்குப் பெயர். பின்னர் ஒருநாள் கதவு திறக்கும். அது வாயில் நேர்தல். உரையாசிரியர்கள் இவ்வூடலை இன்பத்தின் ஓர் உறுப்பாகவே கொண்டார்கள். ஒன்றை மட்டும் அவர்கள் அழுத்திச் சொல்லவில்லை: கதவு எப்படியும் திறக்கும் என்பது தலைவனுக்கு முன்பே தெரியும். மாணவியர் இப்போதெல்லாம் அதைத்தான் முதல் வினாவாகக் கேட்கிறார்கள்.

2007 ஜூன் 30ஆம் நாள் பிட்ஸ்பர்க் அரங்கில் மூன்றாம் இன்னிங்ஸ் முடிந்ததும் அடியார் சிலர் எழுந்து வெளியேறி எதிர்ப்புக் காட்டினார்கள். எழாமல் இருந்தவர்களே மிகப் பலர். வெளியேறியவர்களும் அரங்கை விட்டுப் போனார்களே தவிர அணியை விட்டுப் போகவில்லை. நுழைவுச்சீட்டுக்குப் பணம் முன்பே கட்டியாயிற்று. 2007 முதல் முதன்மை உரிமையாளராக இருப்பவர் பாப் நட்டிங். 2025 ஏப்ரலில் ஊரில் நடந்த முதல் ஆட்டத்தின்போது, அணியை விற்றுவிடு என்று அவரை நோக்கி அரங்கமே முழங்கியது. அவர் விற்கவில்லை. ஆட்டக்காரரின் உருவில் செய்த தலையாட்டிப் பொம்மையை இலவசமாகத் தரும் நாள்களில் வாயிலில் வரிசை நீள்கிறது. வாணவேடிக்கை உள்ள இரவுகளில் இடம் கிடைப்பதில்லை. தஞ்சாவூர்க்காரர்கள் வருந்த வேண்டாம், பொம்மை இங்கேயும் தலையைத்தான் ஆட்டுகிறது. அரங்கமோ பேரழகு. 2001இல் பெரும்பகுதி பொதுமக்கள் வரிப்பணத்தில் கட்டப்பட்டது; வலப்புற மதிலுக்கு அப்பால் ஆறு, ஆற்றின்மேல் கிளெமென்டே பெயர் தாங்கிய மஞ்சள் நிறப் பாலம், அதற்கும் அப்பால் நகரக் கோபுரங்கள். ஆட்டம் எப்படியிருந்தாலும் மாலையைக் கழிக்க அதைவிட நல்ல இடம் அவ்வூரில் இல்லை. அந்த அழகும் எங்களுக்கு எதிராகவே வேலை செய்கிறது.

2025 வசந்தத்தில் நிகழ்ந்த இரண்டைச் சொல்ல வேண்டும். அரங்கம் கட்டப்பட்ட காலத்தில், பணம் செலுத்திய அடியார்களின் பெயர் பொறித்த செங்கற்களை வாயிலருகே பதித்தார்கள். பலர் மறைந்த தந்தையர், பாட்டனார் பெயர்களைப் பொறிக்கக் கொடுத்தார்கள். அக்கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, மறுசுழற்சிக் கூடமொன்றில் குப்பையாகக் குவிந்து கிடக்கும் படங்கள் அவ்வசந்தத்தில் வெளிவந்தன. கற்கள் தேய்ந்துவிட்டன, வேறு வகையில் அப்பெயர்களைக் காட்சிப்படுத்துவோம் என்று நிர்வாகம் விளக்கியது. தேய்ந்திருக்கலாம். நடுகல்லில் பெயரும் பீடும் எழுதி வழிபட்ட மரபைப் பாடம் சொல்பவர்கள் நாங்கள். தேய்ந்த நடுகல்லைப் பெயர்க்குமுன் அவ்வூராரிடம் ஒரு சொல் கேட்பது வழக்கம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறோம்.

மற்றொன்று, வலப்புற மதிலில் கிளெமென்டே நினைவாக இருந்த 21 என்னும் எண். அதன் இடத்தில் மதுபான விளம்பரம் ஒன்று வந்து அமர்ந்தது. அம்மதிலின் உயரமே 21 அடி. அவ்வெண்ணுக்காகவே அப்படிக் கட்டப்பட்டது. கிளெமென்டே குடும்பத்தினர் வருத்தம் தெரிவித்தபின் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு எண்ணை மீட்டு வைத்தது. தீய எண்ணத்தால் செய்யவில்லை என்றார்கள். நம்புகிறோம். எண்ணிப் பாராமலே அதைச் செய்ய முடிந்தது என்பதுதான் எங்களைச் சுடுகிறது.

அடியார்கள் அரங்கத்தைப் புறக்கணித்து உரிமையாளரை வழிக்குக் கொண்டுவருவர் என்ற நம்பிக்கை எங்களுக்கு இல்லை. ஊடல் ஒரு விதியாகாது. விதியை மாற்ற வேண்டியவர்கள் லீக் நிர்வாகமும் ஆட்டக்காரர் சங்கமும். 2022இல் கையெழுத்தான அவர்களது ஒப்பந்தத்தின் காலம் 2026 டிசம்பர் 1 வரை. அதை ஒட்டிய பேச்சில் உரிமையாளர் பலரும் சம்பளத்துக்கு மேல்வரம்பு வேண்டும் என்கிறார்கள். சங்கம் நெடுங்காலமாக அதை எதிர்த்து வருகிறது. மேல்வரம்பு மட்டும் வருமானால் டாட்ஜர்ஸின் கை கட்டப்படும், பைரேட்ஸின் கைப்பை நிறையும், ஸ்கீன்ஸுக்கு ஓட்டம் எடுத்துக் கொடுக்க ஒருவரும் வரமாட்டார்கள். கீழ்வரம்பு வேண்டும். பகிர்ந்து பெறும் பணத்தில் இத்தனை பங்கு ஆட்டக்காரர்க்கே போக வேண்டும், போகாவிட்டால் அடுத்த ஆண்டுப் பங்கு குறையும் என்று எழுதப்பட வேண்டும். தொடர்ந்து இத்தனை ஆண்டுகள் கீழே கிடக்கும் அணிக்குப் புதுமுகத் தேர்வில் முன்னிடம் மறுக்கப்பட வேண்டும் என்பதும் எம் கருத்து. கடுமை என்று சிலர் கருதலாம்.

2025 டிசம்பரில் டம்பா பேயிலிருந்து பிராண்டன் லோவைப் பெற்றார்கள். நன்றாக அடிப்பவர். செய்தியைப் படித்ததும் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நெடுநேரம் பேசி, இனி ஸ்கீன்ஸ் பந்து வீசும் நாள்களில் மட்டும் நாலு மணிக்கு எழுவது என்று முடிவாயிற்று. ஐந்து நாளைக்கு ஒரு முறை வரும்.